கரைக்குப் போகும் வழியே படகு என்றால்... நடு ஏரியில் இன்ஜின் நின்றால் என்ன செய்வது?

கம்பம் பள்ளத்தாக்குக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மேற்கே மலை, தெற்கே மலை, நடுவில் நெல்லும் திராட்சையும் வாழையும். ஆனாலும், 'வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் கிடந்தால் வாழ்க்கை எப்படியிருக்கும்?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்கோடு சம்பந்தப்பட்டவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் மீனவர்கள் அல்ல. முல்லைப்பெரியாறு அணையில் தங்கிப் பணியாற்றும் தமிழக நீர்வளத்துறையின் பொறியாளர்களும் ஊழியர்களும்தான்.

அணை இருப்பது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். அதை இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. கூடலூரைத் தாண்டி, லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளியைக் கடந்து தேக்கடி படகுத்துறைக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஏரியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் படகில் போனால்தான் அணை கண்ணில் படும். இன்னொரு வழியும் இருக்கிறது. வண்டிப்பெரியாறு போய், வல்லக்கடவிலிருந்து காட்டுக்குள் போகும் ஜீப் பாதை. மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையில் சேறுதான் மிச்சம். அதைச் சீரமைக்கும் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, அணைக்கு அரிசி போவதும், காய்கறி போவதும், மாத்திரை போவதும், பணி முடிந்த ஊழியர் ஊர் திரும்புவதும் பெரும்பாலும் படகை நம்பித்தான். 2000-ம் ஆண்டில் யானை ஒன்று மின்சாரம் தாக்கி இறந்ததை அடுத்து அணைக்கான மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பூமிக்கடியில் கேபிள் பதித்து மீண்டும் மின்சாரம் வந்தது 2021 ஜனவரியில். இடைப்பட்ட இருபது வருடமும் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் ஓடியது. இப்போது விளக்கு எரிகிறது. ஆனால், படகு கிளம்பவில்லை என்றால் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

உலகத்தின் வேறு மூலைகளில் இதே கவலையோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு, துறைமுகம் துறைமுகமாக நங்கூரம் போட்டு வாழும் குடும்பங்கள். சமையலறை, கட்டில், குழந்தையின் பள்ளிப் புத்தகம் எல்லாம் படகுக்குள்ளேயே. பெரிய படகைக் கரை வரைக்கும் கொண்டுவர முடியாது, ஆழம் பத்தாது. அதனால் ஒவ்வொரு படகுக்கும் பின்னால் ஒரு குட்டிப் படகு கட்டியிருக்கும். 'டிங்கி' என்பார்கள். அதன் பின்பலகையில் ஒரு சின்ன அவுட்போர்டு இன்ஜின் தொங்கும். பால் வாங்கப் போவதற்கும், டாக்டரைப் பார்க்கப் போவதற்கும் அதுதான் அவர்களுடைய ஸ்கூட்டி.

அப்படி வாழ்பவர்களுக்குப் புயல் பற்றிய பயம் நிறைய இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். புயல் வருடத்துக்கு ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். வானிலை அறிக்கையைப் பார்த்து விலகியும் போய்விடலாம். இந்தக் குட்டி இன்ஜின் மட்டும் எந்த அறிக்கையும் கொடுக்காமல், சரியாக மளிகைச் சாமான் ஏற்றிய பிறகு மூச்சை நிறுத்தும்.

ஐஸ்க்ரீம் உருகிய கதை

அவுட்போர்டு இன்ஜின் பிறந்ததே ஓர் ஏரியில்தான் என்று ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓலே எவின்ரூட் என்ற நார்வே வம்சாவளி மெக்கானிக் இருந்தார். கோடைக்கால விடுமுறையில், அவர் மணக்கவிருந்த பெண் ஐஸ்க்ரீம் கேட்டாராம். துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் வெயிலில் அது உருகிவிட்டது. 'படகுக்கு ஓர் இன்ஜின் வேண்டும்' என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது என்பார்கள். ஐஸ்க்ரீம் எவ்வளவு உண்மையோ, 1909-ல் அவர் ஒன்றரைக் குதிரைத்திறன் இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தது உண்மை. படகின் பின்பலகையில் திருகாணியால் இறுக்கி மாட்டலாம். வேண்டாதபோது கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். அதுதான் அதன் அழகு. அதுவே அதன் தொல்லையும். எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

இந்த இன்ஜினைப் பார்த்தால் பள்ளத்தாக்குக்காரர்கள் மிரள வேண்டியதில்லை. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மருந்தடிக்க முதுகில் மாட்டுகிறார்களே, பவர் ஸ்பிரேயர்... அதற்கு இது அண்ணன் முறை. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய மாடல்களில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். சோக்கு, பிளக், கார்புரேட்டர் எல்லாம் அப்படியே. காலையில் நாலு இழுப்புக்கு மசியாமல், ஐந்தாவது இழுப்புக்குப் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்துகொள்ளும் குணமும் அப்படியே.

வித்தியாசம் ஒன்றுதான். ஸ்பிரேயர் மக்கர் செய்தால் வரப்பில் இறக்கி வைத்துவிட்டு, கம்பத்துக்கு டூ-வீலரில் கொண்டுபோய் மெக்கானிக் கடையில் போட்டுவிட்டு டீ குடிக்கலாம். ஏரி நடுவில் இறக்கி வைக்க வரப்பு இல்லை.

முதலில் கை போக வேண்டிய இடம்

படகில் வாழ்ந்து பழகியவர்கள் இன்ஜின் நின்றதும் ஸ்பேனரை எடுப்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஐந்து பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கி நின்றால், அவர்களுடைய கை முதலில் போவது பெட்ரோல் டேங்க் மூடிக்கு. அந்த மூடியில் காற்று போக ஒரு சின்னத் திருகு இருக்கும். பயணத்தின்போது பெட்ரோல் சிந்தக் கூடாது என்று அதை இறுக்கி மூடி வைத்திருப்பார்கள். கிளம்பும் அவசரத்தில் திறக்க மறந்திருப்பார்கள். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் உள்வாங்கும்; இன்ஜினுக்குப் பெட்ரோல் வராது. திருகைத் திறந்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான் வைத்தியம். இதைத் தெரியாமல் கார்புரேட்டர் வரைக்கும் கழற்றி, ஒரு ஸ்க்ரூவைத் தண்ணீரில் தவறவிட்டு, துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தவர்கள் உலகம் முழுக்க இருப்பார்கள்.

அடுத்தது சிவப்புச் சுருள் கயிறு. ஒரு முனை இன்ஜினின் ஸ்விட்சில், மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டில். அந்தக் கிளிப் இல்லாவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. புதிதாக வாங்கியவர்கள் இதைத் தொல்லையாக நினைத்து, கிளிப்பை இன்ஜினிலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்துவிடுவதும் உண்டு. அதைப்போலத் தப்பான புத்திசாலித்தனம் வேறில்லை. ஓட்டுபவர் தவறி விழுந்தால் ஆளில்லாத படகு நேராகப் போய்விடாது. கைப்பிடி ஒருபக்கம் திரும்பி, வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். காற்றாடி அடியில் சுற்றிக்கொண்டிருக்கும். கையில் கயிறு இருந்தால், அவர் விழுந்த நொடியிலேயே இன்ஜின் செத்துவிடும்.

பெட்ரோல் தனிக் கதை. 2025-க்குள் நம் நாட்டு பங்க்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. தினமும் ஓடும் வண்டியில் டேங்க் காலியாகி நிறைந்துகொண்டே இருக்கும். வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் படகு டேங்கில் அப்படியில்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஏரிக்கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால், அதுவும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். பெட்ரோலை உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். இன்ஜினுக்கு முதல் வாயே தண்ணீர். அதனால்தான் படகுக்காரர்கள் பெட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார்கள், ஊற்றும்போது வடிகட்டுகிறார்கள். நாலு நாளைக்கு மேல் படகை எடுக்கப்போவதில்லை என்றால், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறார்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருந்தால் காய்ந்து பிசினாகும். ஊசி முனை அளவு துவாரத்தை அடைக்க அது போதும்.

கன்னியாகுமரி மாவட்டத்து நாட்டுப்படகு மீனவர்களிடம் இதற்கு இன்னொரு பாடம் இருக்கிறது. அங்கே அவுட்போர்டு இன்ஜின்கள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிய பிறகே நிறுத்துவார்கள். குளிர்ந்த இன்ஜினுக்குள் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் விடிகாலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும். நாளைக்குக் கிளம்ப வேண்டிய இன்ஜினை இன்றைக்கு நிறுத்தும்போதே தயார் செய்கிறார்கள்.

ஒரு நூல் தண்ணீர்

ஓடும் அவுட்போர்டு இன்ஜினைக் கவனித்துப் பார்த்தால், அதன் பின்பக்கத்திலிருந்து மெல்லிய நூல்போலத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் 'ஐயோ, ஒழுகுது' என்பார்கள். ஒழுகினால்தான் நல்லது. இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரித் தண்ணீரையே உறிஞ்சி, உடம்பெல்லாம் சுற்றவிட்டு, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே தள்ளுகிறது. உறிஞ்சுவதற்குக் கீழ்க்காலில் ரப்பர் இறக்கைகள் கொண்ட ஒரு சின்ன இம்பெல்லர். மோட்டார் பம்ப்செட்டோடு குடும்பம் நடத்தும் விவசாயிக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை.

அந்த நூல் நின்றுவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது. பாசியோ பாலித்தீன் பையோ கீழே உறிஞ்சும் வாயை மூடியிருக்கலாம். இன்ஜினைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் குளவி மண் வைத்திருக்கலாம். ஒரு கம்பியை விட்டுக் குடைந்தால் சரியாகும். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர் போயிருக்கிறது. ரப்பர் இறக்கைக்குத் தண்ணீர்தான் மசகு. கரையில் தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்கிறேன்' என்று ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சில நொடிகளுக்கான பில் நடு ஏரியில் வரும்.

கடலில் ஓடும் இன்ஜினுக்கு உப்பு வேறு எதிரி. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவ வேண்டும். தேக்கடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருக்கிறது.

தேக்கடி போட்டோ எதைப் பார்த்தாலும் ஏரிக்குள் கறுத்துப்போய் நிற்கும் மொட்டை மரங்கள் இருக்கும். மேலே நீர்க்காகம் உட்கார்ந்து இறகை உலர்த்திக்கொண்டிருக்கும். அழகான காட்சிதான். அவை 1895-ல் பென்னி குயிக் கட்டிய அணை நிறைந்தபோது மூழ்கிய காட்டின் மிச்சம். நூற்று முப்பது வருடமாகத் தண்ணீருக்குள் நிற்கின்றன. வெளியே தெரியும் மரத்தால் படகுக்கு ஆபத்தில்லை, விலகிப் போய்விடலாம். தண்ணீருக்கு ஒரு சாண் அடியில் ஒளிந்திருக்கும் அடிக்கட்டைதான் ஆபத்து. அணையின் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. மழைக்காலத்தில் 142 அடியை நெருங்கும். கோடையில் பல அடி இறங்கும். போன மாதம் பத்தடி ஆழத்தில் கிடந்த கட்டை இந்த மாதம் காற்றாடியின் உயரத்துக்கு வந்திருக்கும். தடம் தெரிந்தவர் ஓட்டினாலும், நீர்மட்டம் மாறும்போதெல்லாம் தடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டும்.

கட்டையில் மோதினால் என்ன ஆகும்? இன்ஜின் கூடுதலாக உறுமும். படகு மட்டும் நகராது. சின்ன இன்ஜின்கள் பலவற்றில் காற்றாடியையும் அச்சையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஓர் ஆணி. 'ஷியர் பின்' என்பார்கள். மென்மையான உலோகத்தில், உடைவதற்கென்றே செய்தது. பலமாக எதிலாவது மோதினால் அது உடைந்து, உள்ளே இருக்கும் விலையுயர்ந்த பல்சக்கரங்களைக் காப்பாற்றிவிடும். டிராக்டர் ரோட்டவேட்டரில் போல்ட் அறுந்துபோய் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அங்கேயே ஒரு பொறியும் இருக்கிறது. 'இந்த ஆணி அடிக்கடி உடையுது' என்று கடுப்பாகி, அதற்குப் பதில் கெட்டியான எஃகு ஆணியை அறைந்துவிடும் கைராசிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடுத்த கட்டையில் ஆணி உடையாது. பல்சக்கரம் உடையும். பத்து நிமிட வேலை, பணிமனை வேலையாகிவிடும். அனுபவசாலிகள் நாலு உபரி ஆணிகளையும், காற்றாடியைப் பிடித்திருக்கும் பிளவு ஊசிகளையும், ஒரு கொறடையும் சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைப் படகோடு கட்டிவைக்கிறார்கள். கட்டாமல் வைத்த டப்பா முதல் ஆட்டத்திலேயே ஏரியைச் சேரும். இருக்கும் ஆணிகளில் இரண்டு, மாற்றும்போது கைநழுவித் தண்ணீரில் விழுவதற்கு. இது கேலியல்ல, அலையாடும் படகின் பின்பக்கம் கவிழ்ந்து படுத்துக்கொண்டு மாற்றிப் பார்த்தால் தெரியும்.

ஆணி மட்டுமா, முழு இன்ஜினே விழுவதும் உண்டு. கழற்றி மாட்டலாம் என்பதுதான் அதன் அழகும் தொல்லையும் என்று சொன்னோமே, அது இதுதான். பெரிய படகிலிருந்து சின்னப் படகுக்கு இன்ஜினைக் கைமாற்றும் நேரத்தில் இரண்டு படகும் இரண்டு பக்கம் விலகும். அதனால், இறுக்கும் திருகை நம்பாமல் இன்ஜினுக்கு எப்போதும் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். மூழ்கி எடுத்த இன்ஜினை வெயிலில் காயவைப்பது, கேட்டதும் சரியென்று தோன்றும் தப்பு. தண்ணீருக்குள் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் வேகமெடுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் கக்கவைத்து, எண்ணெய் விட்டு, அன்றைக்கே ஓடவைத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பழைய இரும்பு விலைதான்.

கரையில் கட்டிக்கிடந்த படகு

அணைக்குப் போய்வரும் பெரிய படகுகளின் இன்ஜின் வேறு அளவு, வேறு வகை. ஆனால், சிக்கலின் சுபாவம் ஒன்றுதான். அணைக்குப் போய்வரத் தமிழக அரசின் பழைய படகு ஒன்று, 'கண்ணகி' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வயதாகிவிட்டது என்று சுமார் 1 கோடி ரூபாயில் 'தமிழ் அன்னை' என்ற புதிய படகு வாங்கப்பட்டது. ஏரியில் இயக்கக் கேரளத் தரப்பின் அனுமதி கிடைக்கவில்லை. புதுப்படகு ஆண்டுக்கணக்கில் தேக்கடியில் கட்டியே கிடந்தது; அதிகாரிகள் பழையதிலேயே போய்வந்தார்கள்.

இரு மாநில அரசியலை விவாதிக்க இங்கே இடமில்லை. இன்ஜின் பக்கமிருந்து மட்டும் பார்ப்போம். ஓடித் தேயும் இன்ஜினைவிட ஓடாமல் கிடக்கும் இன்ஜின்தான் மெக்கானிக்கைப் பயமுறுத்தும். பேட்டரி இறங்கும். ரப்பர் குழாய்கள் விறைக்கும். எரிபொருளில் ஈரம் சேரும். இம்பெல்லரின் ரப்பர் இறக்கை ஒரே வளைவில் மடிந்து அப்படியே நின்றுவிடும். ஊரில் சும்மா நிறுத்திவைத்த காரை ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அணைப் பாதுகாப்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் சுண்ணாம்பு, சுர்க்கி, கான்கிரீட் பலப்படுத்தல், பேபி அணை, நிலநடுக்கம் என்று பேசுகிறோம். அந்த அணையில் கசிவுநீரை அளக்கப் போகிறவரைச் சுமக்கும் படகின் இன்ஜினும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். வாடகைக் கணக்கிலும் 'இதர செலவு' தலைப்பிலும் அது ஒளிந்து கிடக்கக் கூடாது.

இதே ஏரி 2009 செப்டம்பர் 30 அன்று கண்டதை மறக்க முடியாது. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஓட ஆரம்பித்துச் சில வாரங்களே ஆன புதுப்படகு அது. கரையில் விலங்குகளைக் கண்டதும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும், படகின் நிலைப்பாடு அதைத் தாங்காததும் அப்போது அதிகம் பேசப்பட்டன. இன்ஜின் கோளாறு அதற்குக் காரணமல்ல. ஆனால், இன்ஜின் நிற்கும்போது படகில் இருப்பவர்கள் முதலில் செய்வதும் அதையேதான்: எழுந்து நின்று, 'என்னாச்சு' என்று எல்லோரும் பின்பக்கம் வருவது. இன்ஜினின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பலகை இன்னும் தாழும். குட்டிப் படகில் ஓர் அலை உள்ளே வர அது போதும். நின்றுபோன இன்ஜின் யாரையும் கொல்லாது. அதைப் பார்க்க எழுந்து வரும் கூட்டம் கொல்லும். ஒருவர் பின்னால் போனால் ஒருவர் முன்னால் போக வேண்டும். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் அல்ல.

ஜூன் மாதத்திலிருந்து மலைக்கணவாய் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாழைக்கு முட்டுக் கொடுத்துத் தூங்காமல் கிடப்பவர்களுக்கு அதன் பலம் தெரியும். அதே பருவத்தில் ஏரியிலும் அலை எழும். இன்ஜின் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்காது. காற்று தள்ளும் பக்கம் போகும். அதனால்தான், துடுப்பு இல்லாமல் கிளம்பும் படகை அனுபவசாலிகள் படகென்றே மதிப்பதில்லை. ஒரு சின்ன நங்கூரமும் வேண்டும். பழுது பார்க்கும் நேரத்தில் கட்டைகள் நிறைந்த ஓரத்துக்குப் போய்ச் சேராமல் பிடித்து நிறுத்த அது ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் காட்டுக்குள் போன் சிக்னலை நம்பிக் காரியத்தில் இறங்க முடியாது. மாலையானால் சுற்றுலாப் படகுகளும் நின்றுவிடும். இருட்டிய பிறகு கரையேறி நடக்கலாம் என்றால், அது யானையும் புலியும் இருக்கும் கரை.

படகில் வாழ்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. இன்ஜின் மேல் சந்தேகம் இருந்தால், காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கும் வேலையை முதலில் முடிப்பார்கள். போகும் வழியில் இன்ஜின் நின்றாலும் காற்றே வீட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிடும். காற்றோடு போய்விட்டுத் திரும்பும்போது நின்றால், துடுப்பும் கையும் சேர்ந்து காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

அணையில் தங்கும் ஊழியர்களுக்கு இந்த வசதி கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் போக வேண்டிய திசை ஒன்றுதான். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் 1 அன்று தேக்கடி மதகைத் திறப்பார்களா, இந்த வருடம் தள்ளிப்போகுமா என்பது, அணையில் ஒருவர் அளவுகோலைப் பார்த்து எழுதும் எண்ணைப் பொறுத்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டங்கள் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். காலையில் டீக்கடைப் பேப்பரில் 'பெரியாறு அணை நீர்மட்டம்' என்ற சின்னக் கட்டத்தைப் பார்த்துவிட்டு, நாற்றங்கால் போடலாமா என்று யோசிக்கிறார் கூடலூர் விவசாயி. அந்த எண்ணை அளந்தவர், பணி முடிந்து துணிப்பையோடு அணைப் படகுத்துறையில் நிற்கிறார். குமுளியில் பஸ் எத்தனை மணிக்கு என்பது அப்புறம். முதலில் இன்ஜின் சத்தம் கேட்க வேண்டும்.